பயாலஜி குரூப்பில் ஆள் சேரவில்லை என்கிற டீச்சருக்கு

கேள்வி கேட்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் விலங்கியல் ஆசிரியை. பிள்ளைகளில் பெரும்பாலோர் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் உண்டு. ஒரு டாக்டரை அழைத்துப் பேச வைத்திருக்கிறார். பிள்ளைகள் நன்றாகக் கைதட்டினார்களாம். மறுநாள் வகுப்பில் கேட்டால், "அதெல்லாம் நமக்கு எங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டார்களாம். இவர்களை மருத்துவத் துறைப் படிப்புக்கு எப்படி ஊக்கப்படுத்துவது என்று கேட்கிறார்.

நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் டாக்டர், நர்ஸ் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த மாதத்தில் அவர்கள் காதுக்கு வந்து சேர்வதில்லை, அதுதான் கோளாறு. வசதியான வீட்டில் இதையெல்லாம் சித்தப்பா ஒருவர், மாமா ஒருவர் போனில் சொல்லிவிடுவார். இங்கே சொல்ல ஆள் கிடையாது. அந்த மாமா வேலையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊக்கம் என்று தனியாக ஒன்று அப்புறம் அதிகம் தேவைப்படாது.

டாக்டர் பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் காரில் வந்து, அரை மணி நேரம் விடாமுயற்சி பற்றிப் பேசிவிட்டுப் போயிருப்பார். கேட்ட பிள்ளைக்கு அவருடைய வாழ்க்கைக்கும் தன் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு படிகூடத் தெரிந்திருக்காது. அடுத்த முறை உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் போட்டுக் கொடுத்தவர், இவர்களுக்கே தடுப்பூசி போட்டவர் அவராகத்தான் இருப்பார். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனையும், 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரையும், முடிந்தால் உங்கள் பள்ளியிலேயே படித்து இப்போது நர்சிங் இரண்டாம் வருடத்தில் இருக்கும் பெண்ணையும் கூப்பிடுங்கள். அந்தப் பெண் வந்தால் மேடை, மைக் எதுவும் வேண்டாம். மரத்தடியில் உட்கார்ந்து, பிளஸ் டூவில் என்ன மார்க் வாங்கினாள், விண்ணப்பம் எங்கே போட்டாள், முதல் மாதம் ஹாஸ்டலில் எவ்வளவு அழுதாள், அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று பேசட்டும். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். "பிணத்தைத் தொடணுமா?", "இங்கிலீஷ்ல தான் பாடமா?", "லீவு விடுவாங்களா?" என்றெல்லாம் கேட்பார்கள். தடையாக மனத்தில் கிடப்பது என்ன என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இவ்வளவு வேலை இந்தத் துறையில் இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ், அதோடு முடிந்தது. இதற்கு நான் எப்போதும் ஒரு பாம்புக்கடியை வைத்துத்தான் சொல்வேன், டெல்டாவில் அதற்கு விளக்கம் தேவைப்படாது. வரப்பில் போன ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வண்டியில் ஏற்றி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே கொண்டுவருகிறவர் 108 உதவியாளர். ஆஸ்பத்திரியில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாத சோதனை, ஆனால் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த கை வேண்டும். விஷமுறிவு மருந்தைக் குளிர்பதனத்தில் காலாவதி பார்த்து வைத்திருப்பவர் மருந்தாளுநர். அதைச் சலைனில் கலந்து ஏற்றும்போது உடம்பில் தடிப்பு வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று கட்டில் பக்கத்திலேயே நின்று பார்ப்பவர் நர்ஸ். எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் முடிவு. இந்த விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிக் கெட்டால் சில நாள் டயாலிசிஸ் வேண்டியிருக்கும், அந்த இயந்திரத்தை இயக்குகிறவர் டயாலிசிஸ் டெக்னாலஜி படித்தவர். அந்த மருந்தே குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து எடுப்பது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் பேர்போனது.

இந்த ஒரு கதையில் எத்தனை வேலை வந்துவிட்டது பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிப்பு, ஒரு கல்லூரி, ஒரு விண்ணப்பம் இருக்கிறது. உங்கள் பாடம் விலங்கியல் என்பதால் நோய் எதிர்ப்பு நடத்தும் அன்றைக்கே இதைச் சொல்லிவிடலாம், தனி வகுப்பு தேவையில்லை. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வயலில் நிற்கிற தண்ணீரோடு சம்பந்தப்பட்டதுதான்.

சரி, இனி மாதக் கணக்குக்கு வருகிறேன். எல்லோரும் நீட்டைத்தான் பெரிய கதவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து குரூப் எடுக்கும் அந்த நாலைந்து நாளில்தான் பாதிப் பிள்ளைகள் இந்தத் துறையை விட்டு வெளியே போகிறார்கள், வெளியே போகிறோம் என்று தெரியாமலேயே. "உனக்கு மார்க் கம்மி, சயின்ஸ் கஷ்டம், காமர்ஸ் எடு" என்று ஆபீஸ் ரூமில் ஒருவர் சொல்லிவிடுவார். தோழி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள் என்று இவளும் எடுப்பாள், அந்தக் குரூப்பில் உயிரியல் இருக்காது. இன்னொருத்தி நர்சிங் என்று பெயர் இருக்கிறதே என்று தொழிற்பிரிவில் சேருவாள். அங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து வராததால் பி.எஸ்சி. நர்சிங் முதல் லேப் டெக்னாலஜி வரை பல படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது என்னிடம் வந்து அழுத பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. ஆகவே உங்கள் கூட்டத்தைப் பிளஸ் டூவில் வைக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலும், பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகும் வையுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிற குரூப் எது என்பதை மட்டும் சொன்னால் போதும். உங்கள் பள்ளியில் அந்தக் குரூப் இல்லையென்றால், பஸ் போகிற தூரத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் பழைய பழக்கம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. நீட்டில் கேள்விகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வரும். நர்சிங்கில் முதல் வருடம் உடற்கூறும் உடலியங்கியலும் ஆரம்பிக்கும்போது, பிளஸ் ஒன்னில் மனித உடலியலை ஒழுங்காகப் படிக்காத பிள்ளை யார் என்று எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நீட்டுக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்று பயமுறுத்தவும் கூடாது, எழுதினால் டாக்டர்தான் என்று ஏற்றிவிடவும் கூடாது. 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் சரிபாதி, 360, உயிரியல். சரியான விடைக்கு 4, தப்பானதற்கு 1 கழியும். தமிழில் எழுதலாம், அந்த வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். நம் பிள்ளைகள் உயிரியலில் தேறிவிடுகிறார்கள், விழுவது இயற்பியலில். ஒன்பது, பத்தில் கணக்கில் விழுந்த ஓட்டைதான் இங்கே வந்து தெரிகிறது. ஆகவே உங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமானது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அதற்கு முன் ஒரு வருடத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான இடம் கிடைத்தது. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைக் கேட்ட பிள்ளையின் முகத்தை ஒரு முறை பாருங்கள், "கோடி ரூபா வேணுமாமே" என்று எவரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கும். ஆனால் நிபந்தனை கறார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் நடுவில் ஒரு வருடம் படித்திருந்தாலும் போச்சு. நம் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இதை ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்வது நல்லது.

மருத்துவக் கல்லூரியும் தூரத்தில் இல்லை. தஞ்சாவூர் பழைய கல்லூரி. திருவாரூரில் 2010 முதல் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காக ஒரத்தூரிலும், அரியலூரிலும் 2022 ஜனவரியில் திறந்தார்கள். மயிலாடுதுறை மாவட்டத்துக்குத்தான் இன்னும் இல்லை.

நீட் எழுதுகிற பிள்ளையிடம் ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நீட்டுக்குப் படிக்கும் அதே பாடம்தான் மற்ற படிப்புகளுக்கும், ஆகவே அது வராவிட்டாலும் படிப்பு வீணாகாது. ரிசல்ட் வரும் வாரத்தில் அந்தப் பிள்ளைகளோடு தினமும் பேசுங்கள். மனம் உடைந்தவர்கள் பேச 104 எண் இருக்கிறது, அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நீட் விஷயத்தில் பிள்ளைகளை இழந்து அரியலூர்ப் பக்கம் பட்ட துயரம் போதும்.

இனி நீட் இல்லாத வாசல்கள். என்னைக் கேட்டால் உங்கள் பள்ளியைப் பொறுத்தவரை பெரிய வாசல் இதுதான். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், ரேடியாலஜி, அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், இதயத் தொழில்நுட்பம், தீவிர சிகிச்சைத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி, காது கேட்டல் மற்றும் பேச்சுப் பயிற்சி என்று ஒரு வரிசையே இருக்கிறது. மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போட்டுக் கவுன்சலிங் நடத்தும். விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி வரும், சில வாரம்தான் திறந்திருக்கும். அதற்குப் பிறகு டிப்ளமோ நர்சிங்குக்கும், டி.பார்முக்கும், மற்ற பாராமெடிக்கல் டிப்ளமோக்களுக்கும் தனித்தனி அறிவிப்பு வரும். சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் நீட் தேவை, இதைப் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், அந்தந்த வருடத் தகவல் கையேட்டை நீங்களே ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள். இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன்: ஆடு மாடு மேல் பிரியமாக இருக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் கண்டிப்பாக நாலு பேர் இருப்பார்கள். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்தான், நம் ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது, அதிலும் 7.5 சதவீதம் உண்டு.

ஆண் பிள்ளைகளிடமும் நர்சிங் பற்றிப் பேசுங்கள். "பொம்பளை வேலை" என்று சிரிப்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசர சிகிச்சையிலும் ஆண் நர்ஸ் இல்லாமல் எத்தனை இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை அந்த வேலையில் இருக்கிற ஒருவரைக் கூட்டிவந்து சொல்லச் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கும். அதில் தேறியும் பல வருடம் தொகுப்பூதியத்தில் இருந்து, நிரந்தரம் கேட்டுப் போராடிய நர்ஸ்கள் உண்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பதிவு பெற்ற நர்ஸுக்கு எந்த ஊரிலும், வெளிநாட்டிலும் வேலை இல்லாமல் போகாது என்பதையும் சொல்லுங்கள். இரண்டுமே உண்மை.

பதிவு என்றேன் இல்லையா, அதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த பஸ் ஸ்டாண்டிலும் பாருங்கள், ரிசல்ட் வந்த வாரம் சுவர் முழுக்க நோட்டீஸ். வெள்ளைக் கோட்டில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு பெண் படம், "ஒரு வருட நர்சிங், 100 சதவீத வேலை உத்தரவாதம், அரசு அங்கீகாரம்". எந்த அரசு, என்ன அங்கீகாரம் என்று இருக்காது. செல் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கும். பத்தாவது பெயிலானவர்களும் சேரலாம் என்று கீழே போட்டிருக்கும். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டுவார்கள். ஒரு வருடம் முடிந்து கையில் வரும் காகிதத்தை வைத்துக்கொண்டு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவு இல்லாமல் நர்ஸ் என்று வேலை பார்க்க முடியாது. கடைசியில் ஏதோ ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக்கொண்டு, கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருப்பாள். இப்படி வந்த பிள்ளைகளை நான் மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், எல்லோராலும் அது முடியாது. நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது இவ்வளவுதான்: நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில், பட்டப்படிப்பு என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றின் இணைப்பு. இந்தப் பட்டியல்களில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று உங்கள் ஹைடெக் லேபில் அவர்களையே தேடச் சொல்லுங்கள். இருக்கிற நோட்டீஸ்களைக் கிழித்துக்கொண்டு வந்து வகுப்பில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். பிள்ளைகள் ரசித்துச் செய்வார்கள்.

அடுத்து காகிதங்கள். சொன்னால் சலிப்பாக இருக்கும், ஆனால் மார்க் இருந்தும் இடம் போகிறது என்றால் பெரும்பாலும் இதில்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று கை மாறித்தான் வரும். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் தாமதம் ஆகத்தான் செய்யும். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், அதை மட்டும் பொதுத்தேர்வுக்குப் பிறகு எடுங்கள். மற்றதைப் பிளஸ் ஒன் முடிவதற்குள் எடுத்து வைத்துவிடலாம்.

ஒவ்வொரு பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒரு முறை பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் இருக்காது. அப்பா பெயர் ஆதாரில் மாரிமுத்து, மார்க் ஷீட்டில் மாரியப்பன் என்று இருக்கும். பிறந்த தேதி ஒரு நாள் தள்ளி இருக்கும். கஜா புயலில் ஓட்டோடு சேர்ந்து காகிதமும் போனவர்கள், அப்புறம் எடுத்த நகலில் புதுத் தப்பு. இன்னொரு தொல்லை, எனக்கு அடிக்கடி வந்தது: ஆதாரோடு இணைத்த செல் நம்பர் அப்பாவுடையது, அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார், ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். இங்கே பிள்ளை இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு போன் அடித்துக்கொண்டே இருப்பாள், அவர் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பிளஸ் ஒன்னிலேயே அம்மா கையில் இருக்கும் நம்பருக்கு மாற்றிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை இருந்தால், 2023 முதல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, பழைய சான்றை மாற்றிக் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்கு நீங்களோ தலைமையாசிரியரோ கூடப் போனால் வேலை நடக்கும் வேகமே வேறு.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. தங்குவதற்கு இப்போது சமூக நீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகள். ஆனால் இவையெல்லாம் சேர்ந்த பிறகு வருவது. சேருகிற முதல் வாரத்தில் கையில் காசு வேண்டும்: சீருடைத் துணி, தையல் கூலி, வெள்ளை ஷூ, மெஸ் முன்பணம், பெட்டி, பக்கெட், போய்வர பஸ் காசு. ஐந்து வட்டிக்கு வாங்குவது இந்த வாரத்தில்தான். வாங்க மனமில்லாமல் "அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்று விடுவதும் இந்த வாரத்தில்தான். உங்கள் பள்ளி முன்னாள் மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம், மகளிர் சுயஉதவிக் குழு, யாரைப் பிடித்தாவது இந்த முதல் வாரச் செலவுக்கு ஒரு சின்னத் தொகை கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேடை போட்டு நடத்தும் விழாவைவிட இதற்குத்தான் பணம் தேவை.

பெற்றோரைப் பார்க்கிற விஷயம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நடவுக்குப் போகிற அம்மாக்களைப் பகலில் பள்ளிக்குக் கூப்பிட முடியாது. தை, மாசியில் சம்பா அறுப்பு. ஆகவே சாயங்காலம் அவர்கள் தெருவுக்கு நீங்கள் போங்கள். அவர்கள் பயம் படிப்பைப் பற்றி இருக்காது. "ராத்திரி டூட்டியாமே, பொட்டப்புள்ளையை எப்படிம்மா அனுப்புறது?", "நாலு வருசம் ஆச்சுன்னா யாரு கட்டிக்குவா?" என்பார்கள். இதற்கு வாதம் செய்து பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து அம்மாக்களைத் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ கூட்டிப்போய், அனுமதி வாங்கி நர்சிங் ஹாஸ்டலைக் காட்டுங்கள். வார்டனோடு பேசட்டும், கேட்டுக்கு எத்தனை மணிக்குப் பூட்டு என்று கேட்கட்டும், சாப்பாட்டைப் பார்க்கட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள்.

தஞ்சாவூர் போகிற அன்று நேரமிருந்தால் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இருநூறு வருடத்துக்கு முன் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கண் படம் வரைந்து குறித்து வைத்திருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் என்கிறோமே, அதேதான். மருத்துவம் வெளியூரிலிருந்து வந்த சமாச்சாரம் என்ற எண்ணம் அதைப் பார்த்தால் கொஞ்சம் குறையும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி கதையையும் சொல்லலாம். பெண் என்பதையும் தாயின் குலத்தையும் காட்டி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்றார்கள். மன்னர் அனுமதித்ததால் சேர்ந்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் தொடங்கியது. ஆனால் இந்தக் கதையைச் சொன்ன கையோடு, உங்கள் தெருவில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காக வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் அக்காவையும் காட்டிவிடுங்கள். பெரிய மனுஷி கதை மட்டும் சொன்னால் டாக்டர் பேச்சுக்குக் கைதட்டியது போலத்தான் ஆகும்.

கடைசியாக, போன வருடம் பிளஸ் டூ முடித்த பயாலஜி குரூப் பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும். சிலர் வீட்டில் இருப்பார்கள், சிலர் ஜவுளிக்கடையில், சிலர் திருப்பூரில். ஒரு வருடம் போனதால் இவர்களுக்கு வாசல் மூடிவிடவில்லை. அதே மார்க்கை வைத்து இந்த வருடமும் நர்சிங்குக்கும் பாராமெடிக்கலுக்கும் விண்ணப்பிக்கலாம். உயர்கல்வியில் சேராமல் விட்டவர்களுக்காக 'உயர்வுக்குப் படி' என்று நான் முதல்வன் திட்டத்தில் முகாமும் நடத்துகிறார்கள். பட்டியலில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க் அதிகமாக இருக்கிற முதல் பத்துப் பேருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள். ஷிப்ட் நேரமாக இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடித்தால் எடுப்பார்கள்.